இதுக்கு சத்தம் வேணும் லா

எங்கள் ராக் இசைக்குழுவின் புது ஆல்பம் வெளிவந்ததும் "ஒரே சத்தம்" என்று பலர் எழுதினார்கள். டிரம்ஸ் வாசிக்கும் குமரன் மனம் நொந்து, விலகிவிடுவதாகச் சொன்னான்.

இன்று காலை செண்டாயான் ஊரில் ஒரு கடைக்கு நானும் அவனும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிடப் போனோம். கடை அக்காவின் ஸ்பீக்கரில் எங்கள் பாட்டு! நாங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது.

பக்கத்து மேசைக்காரர், "காது வலிக்குது, மாத்துங்கக்கா" என்றார்.

"லாபு எஸ்டேட்டுல நாங்க குடியிருந்த லயத்து வீடுகள இடிச்சத பத்தி பாடுறாங்க. இதுக்கு சத்தம் வேணும் லா" என்றார் அக்கா.

குமரன் தயங்கித் தயங்கி, "டிரம்ஸ் எப்படிக்கா?" என்று கேட்டான்.

"இன்னும் ஓங்கி அடிக்கணும், தம்பி."

திரும்பும் வழி முழுக்க குமரன் கார் டேஷ்போர்டில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான். சனிக்கிழமை பயிற்சிக்கு முதல் ஆளாக வருவானாம்.

ஆல்பம் கேட்டவர்கள் உங்கள் கருத்தையும் எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, குமரனைக் கையோடு அக்கா கடைக்குக் கூட்டிப்போய்விடுவேன்.