பின்னால் சத்தம் இருக்கிறது

சனிக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு என் மகளின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. நான் அந்தக் குரலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். காத்திருக்காமல் இருந்திருந்தால் அது என்னவென்று எனக்குப் புரிந்திருக்கும்.

என் வேலையைச் சொல்லாமல் இது விளங்காது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக இணையவழி ஆங்கிலப் பாடங்களை வடிவமைக்கிறேன். பட்டப்படிப்புக்குப் போகுமுன் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டிய பல நாட்டு மாணவர்களுக்கான பாடங்கள் அவை. மனிதர்கள் பேசுவதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் கீழும் ஒரு கேள்வியும் நான்கு விடைகளும் வைப்பது என் தொழில். கேட்டல் பயிற்சி என்று பெயர்.

முதலில் கணினிக் குரல்களைத்தான் பயன்படுத்தினோம். ஒரு பிசிறு இருக்காது. அதுதான் குறை என்றார்கள் மாணவர்கள். இப்படி யாரும் பேசுவதில்லை, கடையில் போய் நின்றால் எங்களுக்கு ஒன்றும் புரிவதில்லை என்று எழுதினார்கள். அதன் பிறகு என் மகளைப் பேச வைத்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், நல்ல குரல். தன் கைபேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நான் கேட்டுவிட்டுக் குறை சொல்வேன், அவள் திரும்பப் பேசி அனுப்புவாள். இரண்டு வருடமாக எங்களுக்குள் பாதிப் பேச்சு இப்படித்தான் நடந்தது.

அந்த வாரத்துப் பாடம், தொலைபேசியில் உதவி கேட்பது. நான் எழுதிக் கொடுத்த வரிகள் இவ்வளவுதான்: ஹலோ டேட். எனக்கு ஒரு சின்ன விபத்து. கவலைப்படாதீர்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கடைசி வரி மட்டும் ஆங்கிலத்தில் இருந்தபடியே என் தலைக்குள் ஓடுகிறது: கேன் யூ கம் அண்ட் கெட் மீ? வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா?

காலையில் சாப்பாட்டு மேசையிலேயே அவள் பேசிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ‘டேட்’ வர வேண்டிய இடத்தில் ‘அப்பா’ வந்தது.

“டேட்டுன்னு சொல்லும்மா. அப்பான்னா அவங்களுக்குப் புரியாது.”

“டேட்டுன்னா யாருப்பா? நம்ம வீட்ல அப்படி யாரும் இல்லியே.”

“வெளையாடாத. மறுபடி சொல்லு.”

“நீங்க வாசல்ல ஒரு போர்டு மாட்டிக்குங்க. இவ்விடம் டேட் வசிக்கிறார்னு.”

என் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தாள். கடைசியில் ஒரு பதிவு ஒழுங்காக வந்தது. ஆனால் அதில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. வெளியே போகிற இடத்தில் சத்தமில்லாத மூலையாகப் பார்த்துப் பேசி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

“எங்கடி போற?” என்றாள் அவள் அம்மா.

“ஃப்ரெண்டு வீட்டுக்கு. வந்து சொல்றேன்மா.”

நான் என் பங்குக்குச் சொன்னேன்: “நாலுலேர்ந்து அஞ்சரை வரைக்கும் எனக்கு க்ளாஸ். கால் பண்ணாத. எதுவா இருந்தாலும் வாய்ஸ் அனுப்பு.”

அவள் வாய்ஸ்தான் அனுப்பினாள்.

அன்று புதிய பாடத்தை முதல்முதலாகச் சில மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் நாள். எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து திரையில் காத்திருந்தார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் அனுப்பியதைக் கேட்டேன். ‘அப்பா’ என்று தொடங்கியது. பஸ் நிலையம் என்பதற்குப் பதில் கடற்கரை என்றிருந்தாள். கடைசி வரிக்கு முன்னால் ஓர் இடைவெளி, மூச்சு எங்கேயோ மாட்டிக்கொண்டு வருவதுபோல. பின்னால் காற்று இரைந்தது.

இவை எதையும் நான் கவனிக்காமல் விடவில்லை. எல்லாவற்றையும் கவனித்தேன். அவ்வளவையும் பதிவின் குறைகளாகக் கவனித்தேன். கடற்கரை என்று மாற்றியதும் அந்த இடைவெளியும் அவளுடைய சொந்தக் கற்பனை என்று எண்ணி, நன்றாக நடிக்கிறாளே என்றுகூட நினைத்தேன். உடனே பதில் அடித்தேன்: ‘நல்லா இருக்கு. அப்பா வேண்டாம், டேட். பின்னால சத்தம் இருக்கு. மறுபடி சொல்லு.’

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. படித்துவிட்டாள். பதில் வரவில்லை.

மாணவர்களைக் காக்க வைக்க முடியாது. இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று பதிவைத் திறந்தேன். திரையில் குரல் மேடும் பள்ளமுமாகத் தெரியும். ‘அப்பா’ என்பது தொடக்கத்தில் ஒரு சின்ன மேடு, அடுத்த சொல்லிலிருந்து கொஞ்சம் தள்ளித் தனியாக நின்றது. அதைக் குறியிட்டு வெட்டினேன். காற்றைக் குறைத்தேன். பாடத்தில் ஏற்றினேன். அவள் குரல் எல்லா நாடுகளுக்கும் போனது.

கீழே கேள்வி: பேசுபவர் எப்படி இருக்கிறார்? கோபமாக, அவசரமாக, சலிப்பாக, அமைதியாக. அமைதியாக என்பது சரியான விடை. கவலைப்படாதீர்கள் என்கிறாளே, அதனால்.

எல்லோரும் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் எதையும் தொடவில்லை. என் வயதுக்காரி, அவள் ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவள். விடைக்குப் பதில் உரையாடல் பெட்டியில் எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘ஐயா, விடை இல்லை. இந்தப் பெண் நடிப்பு இல்லை. இந்தப் பெண் வலி. யார் போவது அவளுக்கு?’

மாணவர்கள் தப்பாக எழுதினால் அதே வாக்கியத்தைச் சரியாக எழுதிக் காட்டுவது எங்கள் முறை. கை தானாக அடித்தது: ‘அவளிடம் யார் போகிறார்கள்?’

அடித்து முடித்த பிறகுதான் நான் அதைப் படித்தேன்.

மகளை அழைத்தேன். அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது இன்னொரு குரல், பிசிறே இல்லாமல். மனைவி என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வாட்ஸ்அப்பில் வெட்டாமல் இருந்த பதிவைப் போட்டுக் காட்டினேன். முதல் சொல்லிலேயே அவள் முகம் மாறிவிட்டது.

“இதக் கேட்டுட்டா உக்காந்துருந்தீங்க?”

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடற்கரை என்றால் எனக்கு பீச் ரோடுதான் தோன்றியது. ரெட்டியார்பாளையத்திலிருந்து எப்படிப் போனேன் என்று நினைவில்லை. ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: வலியில் இருப்பவள் ஏன் என்னிடம் இங்கிலீஷில் பேச வேண்டும்? காலையிலிருந்து அந்த வரிகளை அத்தனை தடவை சொல்ல வைத்திருக்கிறேன். நிஜமாக விழுந்து கிடந்தபோது வாய்க்கு அதுதான் கிடைத்திருக்க வேண்டும். முதல் சொல் மட்டும் அவளுடையது. அதைத்தான் வெட்டியிருக்கிறேன்.

பீச் ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவரிடம் ஓடினேன்.

“இங்க ஆக்ஸிடென்ட் எதுனா ஆச்சுங்களா சார்? ஒரு பொண்ணு. பத்தொம்போது வயசு.”

“இங்கயா? மத்தியானத்துலேர்ந்து நான்தான் நிக்கிறேன். ஒண்ணும் இல்ல சார். பீச்சுன்னா எந்த பீச்சு?”

“பீச்சுன்னு மட்டும்தான் சொன்னா.”

“போன் போட்டு கேளுங்க.”

“ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு.”

“அப்ப கடைசியா பேசுனப்ப நீங்க கேக்கலியா?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு திரைச்சீலையாக விலக்கிக் காட்டினார்கள். அவள் இல்லை. இல்லை என்பது நிம்மதியா, இன்னும் மோசமா என்று தெரியாமல் வாசல் படியில் உட்கார்ந்து அந்தப் பதிவை மறுபடி மறுபடி கேட்டேன். பின்னால் இருந்த காற்றுக்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்பது இருக்கலாம். வருடக்கணக்காக அந்தச் சத்தங்களை நீக்கியே பழகியவன் நான். எவ்வளவு உற்றுக் கேட்டும் எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது.

மனைவி அழைத்தாள். “வீட்டுக்கு வந்துடுங்க. அவ இங்க வந்தான்னா நான் ஒருத்தியா என்ன பண்ணுவேன்? அப்பறம், இந்தக் கம்ப்யூட்டர வந்து நிறுத்துங்க. என்னால முடியல.”

கடைசியாகச் சொன்னது எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் புரிந்தது.

கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவது பாடத்தின் அடுத்த படி. அனுப்பிய குரல்கள் வந்து சேர்ந்தவுடன் தானாக ஒலிக்கும்படி நானே வைத்திருந்தேன். அவசரத்தில் எதையும் மூடாமல், ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். விளக்குப் போடாத முன்னறையில் கணினித் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. எதிரே என் மனைவி முந்தானையை வாயில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கேன் யூ கம் அண்ட் கெட் மீ, என்றது ஓர் ஆண் குரல். கொஞ்சம் பொறுத்து ஒரு பெண், தொண்டைக்குள்ளிருந்து. அப்புறம் மிகவும் சின்னக் குரல் ஒன்று, தடுக்கித் தடுக்கி, நல்ல மாணவராக இருக்க வேண்டும், என் மகள் விட்ட அந்த இடைவெளியைக்கூட அப்படியே விட்டு: கேன் யூ கம்... அண்ட் கெட் மீ?

நான் கணினியை அணைத்தேன். அணைத்த பிறகும் நின்ற மாதிரி இல்லை. இப்போதும் சில சமயம் மின்விசிறி சுற்றும்போது அந்த அறையில் அது கேட்கிறது. விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

அன்றிரவு வாசலைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். விழுப்புரம் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பும் ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் சுவரில் ஏறி இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தோம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று நான் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது.

முதலில் இறங்கியது முன்பின் தெரியாத ஓர் அம்மாள். நல்ல உயரம், புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“இதுதான் வூடா? வீராம்பட்டினத்துலேர்ந்து வரோம். எங்க வூட்டாண்ட கடலோர ரோட்ல மண்ணு சறுக்கி வண்டியோட வுழுந்துடுச்சு. கை எலும்பு வுட்டுப்போச்சு. கட்டுப் போட்டு இட்டாந்துருக்கேன், வேற ஒண்ணும் இல்ல, நீ அழுவாதம்மா.” இது என் மனைவிக்கு. பிறகு என் பக்கம் திரும்பினாள். “வுழுந்ததுல ஒடஞ்ச போனு, உன் பதிலப் படிச்சதுமே செத்துப் போச்சு. என் போன்ல பேசுன்னா அப்பா நம்பரு தெரியாதாம், அம்மா நம்பரு தெரியாதாம். இங்கிலீசு மட்டும் நல்லாத் தெரியுது. ஏன் சார், பொண்ணு வலியில கூப்புட்டா சத்தமா இருக்குது, மறுபடி சொல்லுன்னு எழுதுனியாமே. நீ இன்னா அப்பனா, வாத்தியாரா?”

அவள் பின்னால், மாவுக்கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவில் தொங்கவிட்டுக்கொண்டு என் மகள் மெதுவாக இறங்கினாள். முகம் வெளிறியிருந்தது, கன்னத்தில் மணல். அம்மா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். என்னால் படியை விட்டு இறங்க முடியவில்லை. அவளே வந்தாள். ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்தும் வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

“அப்பா. இப்ப பின்னால சத்தம் இல்லல்ல?”