வெளிச்சம் அடித்துக் குளிர வைப்பது

எழுத்து மேலும் கீழுமாக ஓடியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். தாளில் எழுதிப் படம் பிடித்து இந்தக் குழுவில் போடுகிறேன்.

இன்று மீமிசல் பஸ்ஸில் டிக்கெட்டை நான் சத்தமாகப் படித்தபோது, பக்கத்து சீட்டுப் பெண் ஒரு தாளை நீட்டினாள்.

"தாத்தா, இதப் படிச்சுப் புரியுதான்னு சொல்லுங்க. நாளைக்கு நம்மூரு ஸ்கூல்ல நான் பேசணும். பிள்ளைகளுக்குப் புரியலைன்னா மானம் போயிரும்."

என்னிடம் கேட்கிறாள்! வாங்கிக்கொண்டேன்.

பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாளாம். முடியைவிட மெல்லிய ஒரு துண்டு துடித்துக்கொண்டே இருக்குமாம். அதை வெளிச்சம் அடித்துக் குளிர வைக்கிறாள். 'ஒத்ததிர்வி' என்ற சொல்லை நான் படித்து முடிப்பதற்குள் ஒரு ஸ்டாப் போய்விட்டது. அதை அடித்துவிட்டு 'ஆடும் துண்டு' என்று எழுதினாள்.

முன்சீட்டில் மீன்கூடையோடு இருந்த அம்மா திரும்பினார். "வெளிச்சத்துல குளிருமாக்கும்? அப்ப நாங்க எதுக்கு ஐஸ் வாங்குறோம்?"

"மீனுக்கு ஆகாதுக்கா. அந்தத் துண்டோட நடுக்கம்தான் அதோட சூடு. ஆடுற ஊஞ்சல எதிர்ப்பக்கமாத் தள்ளி அடக்குவோம்ல, அதமாதிரி லேசர் வெளிச்சம் தள்ளும். ஆட்டம் அடங்க அடங்கக் குளிரும்."

"முழுசா நின்னுருமா?" என்று கேட்டேன்.

"நிக்காது தாத்தா. எவ்வளவு குளிர வச்சாலும் கொஞ்சூண்டு துடிப்பு மிஞ்சும். யாராலயும் அத எடுக்க முடியாது. அதுதான் குவாண்டம் குணம்."

"எம் மாமியாளும் அப்படித்தான்" என்றார் மீன்காரம்மா.

பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், அதைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

நாளைய பேச்சில் மாமியார் வந்தாரா என்று, நம்மூர் ஸ்கூலில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள் கேட்டுச் சொல்லுங்கள். பதில்களை நானே படித்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.