செல்வராணி அக்கா பெயர் இல்லாத ஆய்வுக் கட்டுரை

செல்வராணி அக்கா கண்டுபிடித்ததை எங்கள் லேப் திருடியது. திருடியவர்களில் நானும் ஒருவன்.

அக்கா நேற்றுக் காலை இறந்துவிட்டார். மாரடைப்பு. நாற்பத்தெட்டு வயது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் அவர் ஊருக்கு நான் சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் நான் ஆராய்ச்சி செய்யும் கல்லூரியில், எங்கள் லேபில் பிளேட் கழுவிப் பெருக்கும் வேலை அவருக்கு. பதினோரு வருடம். கடைசி வரை கான்ட்ராக்ட்.

இன்று துறை வாட்ஸ்அப் குரூப்பில் இரங்கல் வந்தது. "கடமை தவறாத துப்புரவுப் பணியாளர்." கீழே வரிசையாகக் கைகூப்பும் ஸ்டிக்கர்கள்...

அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஈர நெல்லில் பச்சையாக ஒரு பூசணம் பிடிக்கும். பிடிப்பதோடு விடாது, நெல்லில் விஷத்தையும் சேர்க்கும். அதை நாங்கள் மூடி போட்ட கண்ணாடி பிளேட்டுகளில் வளர்த்து, இன்குபேட்டர் பெட்டியில் இருபத்தெட்டு டிகிரியில் வைத்துப் பார்ப்போம்.

ஒரு மே மாதம், கீழ் அடுக்கில் இருந்த பிளேட் எதிலும் பூசணம் வளரவில்லை. உள்ளே கையை விட்டால், பின்பக்கம் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டு.

அக்கா சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வாசலில் வெற்றிலை விற்பார். எங்களுக்கெல்லாம் லாக்கர் உண்டு. அவருக்குப் பை மாட்ட ஓர் ஆணிகூடக் கிடையாது.

"வெளிய வச்சா வாடிப்போவுது. ஃப்ரிட்ஜ்ல வச்சா கருத்துப்போவுது. இந்தப் பொட்டிதான் தம்பி வெத்தலைக்குத் தோதா இருக்கு."

மூன்று மாத உழைப்பு நாசம் என்று, எனக்கு வழிகாட்டியான சாரிடம் புகார் எழுதிக் கொடுத்தது நான்தான். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சார் வந்து கத்தினார். "இது லேபா, வெத்தலக் கடையா?"

அவர் போனதும் அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சொன்னார். "கடைன்னா நாலு பேராவது வந்து போவாங்க. இங்க யாரு வரா?"

மறுநாள் மெமோ வந்தது. "இன்குபேட்டரில் வெற்றிலை வைத்து ஆய்வுக்கு இடையூறு செய்தது தொடர்பாக..."

மெமோவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் தூக்கிப் போடச் சொன்ன பிளேட்டுகளை, இருந்த வரிசை மாறாமல் மேஜையில் அடுக்கி வைத்திருந்தார்.

"இங்க பாருங்க. வெத்தலைய ஒட்டுனாப்ல இருந்தது எதுவும் வரல. நடு அடுக்குல அரைகொறை. உச்சில இருந்தது மட்டும் நல்லா பச்ச புடிச்சிருக்கு. மூடி போட்டுத்தானே வச்சீங்க? எலை அதத் தொடவே இல்லையே."

"அப்புறம் எப்படிக்கா?"

"வாசனை தம்பி. உங்க பூசணத்துக்கு வெத்தலக் காரம் தாங்கல."

அடுத்த வாரம் சாருக்குத் தெரியாமல் மறுபடி வைத்துப் பார்த்தோம். "எலை வைக்காத பொட்டியும் ஒண்ணு பக்கத்துல ஓடட்டும். இல்லாட்டி ஒங்க சார் நம்பமாட்டாரு" என்றவரும் அவர்தான்.

மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் அதேதான்.

அதற்குப் பிறகுதான் சாரிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அது ஆராய்ச்சி ஆனது. வெற்றிலை எண்ணெயை வடித்து, பிளேட் மூடியின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்தோம். பூசணத்தின் ஜீன்களைப் பார்த்தோம்.

எண்ணெய் குறைவாக இருந்தபோது பூசணம் சாகவில்லை. மெதுவாக வளர்ந்தது. ஆனால் விஷம் தயாரிக்கும் ஜீன்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்தியிருந்தன. வெறும் ஆவி பட்டதற்கே!

அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். "உசுரோட இருக்கு, ஆனா வெசத்தக் கக்கல. அப்படித்தானே? நம்ம டிபார்ட்மெண்டுல ரெண்டு பேரு மூக்குல வச்சுப் பாக்கலாம்."

கட்டுரை வந்தது. சார் பெயர். சாருடைய நண்பர் ஒருவர் பெயர், அவர் எங்கள் லேபுக்கு வந்ததே இல்லை. கடைசியில் என் பெயர். எப்படி ஆரம்பித்தது என்ற இடத்தில், "எங்கள் முந்தைய கவனிப்பின் அடிப்படையில்".

எங்கள்...

அன்று லேபில் கேக் வெட்டினோம். அக்காவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.

"எதுக்குத் தம்பி கேக்கு?"

"பேப்பர் வந்திருக்குக்கா."

"வெத்தல பேப்பரா? என் பேரு இருக்கா?"

நான் அடுத்த துண்டை வெட்டத் திரும்பினேன். அவர் கேக்கை டிபன் டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

போன வருடம் கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரம் செய்யப் பட்டியல் எடுத்தார்கள். அக்காவின் ஃபைலில் அந்த மெமோ இருந்தது. ஆய்வுக்கு இடையூறு. பெயரை அடித்துவிட்டார்கள்.

நேற்று அவர் மகள் பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். "அம்மா இத மட்டும் தூக்கிப் போடவே இல்லண்ணே. என்னன்னு பாருங்க."

அதே மெமோ. வெற்றிலையை அங்கே வைத்தது யார் என்பதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி. தேதி இருக்கிறது. சார் கையெழுத்தும் இருக்கிறது. தெளிவாகவே போட்டிருக்கிறார்.

வெளிவந்த கட்டுரைக்குத் திருத்தம் போடலாம். இறந்தவர் பெயரையும் சேர்க்கலாம். கட்டுரையில் பெயர் உள்ள எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மதியம் படிவத்தை நிரப்பினேன். முதல் பெயர் செல்வராணி. மெமோவை இணைத்திருக்கிறேன். படிவத்தைத் துறை குரூப்பிலும் போட்டுவிட்டேன்.

உடனே ஒரு சீனியர் போன் செய்தார். "தம்பி, உன் பிஎச்.டி. இழுத்துக்கும்டா."

இழுத்துக்கொள்ளட்டும். அந்தப் பிஎச்.டி.யில் பாதி அக்காவுடையது.

போய்ட்டு வாங்கக்கா.

சார், என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். குரூப்பில் படிவத்தைப் பார்த்தவர்கள் பட்டியலில் மத்தியானம் இரண்டரை மணியிலிருந்து உங்கள் பெயர் இருக்கிறது. நீங்கள் எப்போது கையெழுத்துப் போடுகிறீர்கள்?