சீட்டு இல்லாமல் வந்தவர்கள்

ஒரு நாள் வழிபாட்டுக் கூடத்தைப் பெருக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கண்மூடி உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் விட்டிருந்த செருப்பை மாட்டினால் கால் சுகமாக இருந்தது. அறுந்த வாரை ஊக்குப் போட்டுச் சமாளித்து வந்தேன். ஊக்கைக் காணோம், வார் புதிதாகத் தைத்திருந்தது. கடவுளே இறங்கி வந்து தைத்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். எதிர்க்கடையில் அக்கா ஒன்றும் தெரியாதவர் போல நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். என் ஊக்கு அவர் தோள் துணியில் குத்தியிருந்தது.

அக்காவுக்குச் செருப்புத் தைக்கிற தொழில். எங்கள் தெருக் கடைக்காரர்கள் நடத்திய தர்ம நிதிக்கும் அவர்தான் தலைவி. பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, வயதானவர்களுக்கு மூக்குக் கண்ணாடி என்று வாங்கிக் கொடுப்போம்.

அப்போதுதான் மலைச்சரிவு விலைக்கு வந்தது. அது மலைக்காரர்களின் பூர்வீக நிலம்; எப்போதோ வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அவர்களுடைய முன்னோர்களைப் புதைத்த இடமும் குடிக்கிற ஊற்றும் அதில்தான் இருந்தன. விடுதி கட்ட ஒருவர் கண் வைத்திருந்தார். அவர் வாங்குவதற்குள் நாம் வாங்கி உரியவர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அக்கா கிளம்பினார். தெருவில் பிரித்த பணம் போதாமல் வெளியூர் நல்லவர்கள் வாசலையும் மிதித்தார். எப்படியோ சேர்ந்துவிட்டது.

பத்திரம் பதிகிற அன்று எல்லோரும் போனோம். எங்கள் பொருளாளர் மளிகைக்கடை அண்ணன் புதுச்சட்டையில் வந்திருந்தார். நன்கொடையாளர் பெயரெல்லாம் போட்டு, ஊற்றுக்குப் பக்கத்தில் கல் நட வேண்டும் என்பது அவர் ஆசை. அக்கா மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மலைக்காரர்களின் தலைவியிடம் பெருமையாகச் சொன்னார்: "இந்த நிலத்தை நாங்க வாங்கி உங்களுக்குத் தானமா தர்றோம்."

தலைவியம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தானம் வேண்டாம்மா. எங்க தாத்தாவுக்கு உப்பு மூட்டையைத் தானமா குடுத்தாங்க. அந்த நன்றிக்கடனுக்கு அவரு கூப்பிட்டப்பல்லாம் போய் உழைச்சாரு. கடைசியில நிலமும் போச்சு."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. அன்று முடியாவிட்டால் விடுதிக்காரருக்குத்தான் என்று நிலத்துக்காரர் வேறு அவசரப்படுத்தினார். நான் உள்ளுக்குள் கடவுளைக் கூப்பிட்டபடி நின்றேன். அக்கா குனிந்து தன் கால் செருப்பைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"என் வாயில அடிக்கணும். கடையில விட்டுட்டுப் போன செருப்பை ஒருத்தர் வந்து கேட்டா எடுத்துக் குடுப்பேன். அதைத் தானம்னா சொல்லுவேன்?"

"செருப்பு விட்டவங்ககிட்ட நீங்க குடுத்த சீட்டு இருக்கும். எங்ககிட்ட ஒரு சீட்டும் இல்லையே," என்றார் தலைவியம்மா.

"சீட்டைத் தொலைச்சுட்டு வர்றவங்கதான் பாதிப் பேரு. கால்ல மாட்டிப் பார்த்தா யாரோடதுன்னு தெரிஞ்சுடும்."

தலைவியம்மாவின் கைகள் மெல்ல முன்னால் வந்தன.

நிதியின் பெயருக்கு வாங்கவே வேண்டாம், நிலத்துக்காரரே நேராக மலைக்காரர்கள் பெயருக்கு எழுதட்டும், பணத்தை மட்டும் நாம் கட்டுவோம், அங்கே என்ன செய்வது என்பது அவர்கள் பாடு என்று அக்கா சொல்லிவிட்டார். மளிகைக்கடை அண்ணனுக்கு மனசே ஆறவில்லை.

"அப்ப நம்ம பேரு எங்கதான் வரும்?"

"உன் கடை வாசல்ல அவ்வளவு பெருசா எழுதியிருக்கியே அண்ணே, பத்தலையா?"

நிலத்துக்காரர்கூடச் சிரித்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் பதிந்தாயிற்று. ஊற்றுக்குப் பக்கத்தில் இன்றுவரை எங்கள் கல் எதுவும் இல்லை. மளிகைக்கடை அண்ணன் மட்டும் அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் தன் பெயர் அதில் இனிக்கிறது என்பார்.

கண் மங்கியதும் அக்கா மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். கடைச் சாவியை என் கையில் வைத்து மூடினார். யாரும் கேட்டு வராத செருப்புகள் பரணில் நிறையக் கிடந்தன. அதன்பிறகு நான் அக்காவைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"யாராச்சும் கேட்டு வந்தா எடுத்துக் குடுத்துடு. இத்தனை நாள் எங்க போனேன்னு மட்டும் கேட்டுடாதடி."