பவர் சாரும் பதினோரு ஜெட்டும்

"மேலே பாருங்க... கீழே பாருங்க... அப்படியே ஆடாம இருங்க" என்று நாற்காலியில் இருக்கும் பெரியவரிடம் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பார்க் ப்ளக்கை எடுக்கிறார் பவர் சார். பெரியவரின் கண்ணைப் பார்க்க வேண்டிய பூதக்கண்ணாடி ப்ளக்கின் முனையைப் பார்க்கிறது.

"எப்படி சார் இருக்கு?" என்கிறார் பெரியவர், ஆடாமல்.

"சுத்தமா வெளுத்துப் போச்சு."

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிடுகிறார்.

"உங்களைச் சொல்லலை, உக்காருங்க. பெட்ரோல் பத்தலை."

கண்ணாடிக் கடையில் இருபது வருடமாகக் கண் பரிசோதிக்கிறார். பவர் ஏறியிருக்கு, பவர் இறங்கியிருக்கு என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் கொடுக்கும் மனிதர் தன் மோட்டார் சைக்கிளுக்கும் கொஞ்சம் கொடுக்க ஆசைப்பட்டதில் தப்பில்லை. அந்த வண்டி ஒன்பது வருடமாக ஒரு குறையும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது செய்த குற்றம் அது ஒன்றுதான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு பார்சல் வந்தது. உள்ளே புனல் மாதிரி ஒரு ஏர் ஃபில்டர், முழங்கை நீளத்தில் வாயைத் திறந்தபடி ஒரு சைலன்சர். "காத்து தாராளமா உள்ளே வரும், புகை தாராளமா வெளியே போகும். வண்டி இப்பதான் மூச்சே விடப் போகுது" என்று வீட்டில் அறிவித்தார். தானே மாட்டினார். வண்டி மூச்சு விட்டது, விட்டுக்கொண்டே இருந்தது, நகரத்தான் யோசித்தது. முறுக்கினால் திணறியது, விட்டால் சைலன்சர் வழியாகப் பட் பட்டென்று வெடித்தது. எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை தரையில் படுத்துவிட்டார்.

காற்று கூடினால் அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுவது ஜெட் என்ற துளையுள்ள பித்தளைத் துணுக்கு. அதைப் பெரிதாக மாற்ற வேண்டும். இதைத் தெருமுனை மெக்கானிக்கும் சொன்னார். கூடவே, "பேசாம பழசையே மாட்டிடலாம் சார். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று வாயைக் கொடுத்துவிட்டார். அன்றோடு பவர் சார் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஜெட்டுகளைத் தானே வாங்கினார். துளை அளவு நூற்று ஐந்தில் தொடங்கிப் பதினோரு ஜெட். கான்டாக்ட் லென்ஸ் போட்டுவைக்கும் சின்ன டப்பாக்களில், வலது கண், இடது கண் என்று அச்சடித்த மூடிகளுக்கடியில் அவை குடியிருந்தன. சோதிக்கும் முறையும் தொழிலிலிருந்து வந்ததுதான். கார்புரேட்டர் ஸ்குரூவைக் கால் சுற்று திருப்புவார், முறுக்குவார், வாசலில் மகளை நிறுத்திக் கேட்பார்:

"இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதாம்ப்பா இருக்கு."

"அவசரப்படாம சொல்லு. திரும்பக் காட்டறேன். ஒண்ணு... ரெண்டு..."

பள்ளியில் கடைசி வருடம் படிக்கிற பெண், புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நின்று, கடைசியில் "ரெண்டு" என்பாள். அப்படிச் சொன்னால்தான் உள்ளே விடுவார் என்று அவளுக்குத் தெரியும். சொன்ன விடையைக் கண் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வார்.

அவர் மனைவிக்கு முன்னறையில் தையல் கடை. வண்டி முறுக்கப்படும்போதெல்லாம் டப்பாவுக்குள் பட்டன்கள் குதிக்கும். "என்னங்க, நான் காஜா எடுக்கற நேரமாப் பார்த்து முறுக்காதீங்க. ஒரு சட்டையில ஏழு பட்டனும் ஏழு திசையைப் பார்க்குது" என்பார். பவர் சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளக் காதில் இடமும் இல்லை.

மகளின் நுழைவுத் தேர்வு நாள் வந்தது. ஒன்பது மணிக்குத் தேர்வு மைய வாசற்கதவை மூடிவிடுவார்கள். பஸ்ஸில் போகட்டும் என்றார் மனைவி.

"பஸ்ஸா? நூத்தி இருபத்தஞ்சு ஜெட் போட்டிருக்கேன். பறந்துடும்."

பறந்தது என்னவோ உண்மை. பெரிய சிக்னல் வரை. அங்கே நின்றபோது, யாரும் முறுக்காமலே எஞ்சின் தானாக உறுமி ஏறியது, தானாக இறங்கியது, பிறகு மொத்தமாக அடங்கிவிட்டது. மணி எட்டு நாற்பது. பவர் சார் இறங்கி, சாலை நடுவிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டே நிமிஷம்மா. அரைச் சுத்துதான்."

பின்னாலிருந்த வாகனங்கள் எல்லாம் ஹாரனால் அவருடைய பரம்பரையை விசாரித்தன. அவர் கண்ணும் கருத்துமாகத் திருகினார், உதைத்தார். எஞ்சின் இருமி எழுந்தது.

"இப்பக் கேளு. இது நல்லா இருக்கா?"

நிமிர்ந்து பார்த்தார். வண்டியின் கண்ணாடிக் கம்பியில் மகளின் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இல்லை.

தேர்வு மையத்துக்கு ஓடியே போயிருக்கிறாள். காவலாளி தாழ்ப்பாளில் கை வைத்தபோது உள்ளே நுழைந்தாளாம். இவ்வளவும் அவள் அம்மாவிடம் சொன்னது. அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை, கதவை அறையவில்லை. "அம்மா, குளிக்கிற ரூம் காலியாயிருக்குன்னு அவர்கிட்ட சொல்லிடு" என்பாள், அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருக்கும்போதே.

அப்பா போய் 'அவர்' ஆனது பவர் சாரை உள்ளே எங்கோ குத்தியது. கடையில் எழுத்துப் பலகைக்கு முன் ஒரு பெண்ணை உட்காரவைத்து, "ஒண்ணா..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அது மிகவும் சுலபமாக இருந்ததாலோ என்னவோ, அவருக்குத் தோன்றவில்லை. வண்டியைச் சரிசெய்துவிட்டால் மகள் பேசிவிடுவாள் என்று தோன்றியது. நூற்று முப்பது போட்டார். பெட்ரோல் மிஞ்சி ப்ளக் கரியானது. மறுபடி இறக்கினார். வெளுத்தது. கார்புரேட்டர் ஊசியை ஏற்றினார். மகள் பேசவில்லை.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் எஞ்சின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்த மனைவி பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். விரலில் ஒரு முழ நூல் தொங்கியது.

"அதை நிறுத்திட்டு..." என்று குனிந்தவர் பாதியில் நிறுத்தினார். "என்னங்க இது, நூலை இழுக்குது?"

"எது இழுக்குது?"

கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் நூல் நுனி ஒட்டிக்கொண்டு துடித்தது. மனைவி அதை வெடுக்கென்று பிடுங்கினார். எஞ்சினை அணைத்ததும் அங்கே விரலை விட்டுத் தடவினார். காலரில் பிரிந்த தையலைக் கண்டுபிடிக்கும் அதே விரல்.

"கிழிஞ்சிருக்கு. நக நீளத்துக்கு. அடியில இருக்கறதால தெரியலை."

பவர் சாரும் தடவிப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன், கார்புரேட்டரைத் திரும்ப உள்ளே திணித்தபோது தன் கையாலேயே கிழித்தது. அந்தக் கீறல் வழியாகக் கணக்கில் வராத காற்று போய்க்கொண்டிருந்தது. பதினோரு ஜெட் என்ன, நூறு ஜெட் போட்டாலும் அதை அடைத்திருக்க முடியாது.

மனைவி உள்ளே போகும்போது, "ஒருதடவை உங்க கண்ணையும் டெஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்.

புது ரப்பருக்குத் தெருமுனை மெக்கானிக்கிடமே போக வேண்டியிருந்தது. அவர் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார். சிரித்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை, ரப்பர் புதியது, ஜெட் நூற்றுப் பதினைந்து. ஒரே உதை. வண்டி சீராக, தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓடியது. வெடிக்கவில்லை, தானாக உறுமவில்லை. தெருவை ஒருமுறை சுற்றி வந்து ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார். பிஸ்கட் நிறம். மூன்று மாதமாக அவர் கனவில் வந்த நிறம். மாட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்து, வாசலில் காத்திருந்தார்.

மகள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"சரியாயிடுச்சும்மா. ரப்பர்ல ஓட்டை. அம்மாதான் கண்டுபிடிச்சா" என்றார். பிறகு, "அன்னிக்கு நான் உன்னைப் பார்த்திருக்கணும். வண்டியையே பார்த்துட்டிருந்தேன்" என்றார்.

அவள் வண்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எனக்கு பஸ் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பவர் சார் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, மேடாக ஏறும் அந்தத் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க, அவளோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினார்.