பேயைக் கட்டிக்கொண்டேன்

லாரியிலும் ஓட்டல் அடுப்படியிலுமாக எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். எந்த ஊரில் சொன்னாலும் இதை யாரும் நம்புவதில்லை. ஏழு வயதில் நான் ஒரு பேய்ப் படத்தில் நடித்திருக்கிறேன்.

அப்போது அப்பா காட்டுப்பாக்கத்தில் ஒரு மாந்தோப்பு பங்களாவுக்கு வாட்ச்மேன். பின்பக்கத்து ஒற்றை அறையில் அப்பா, நான், சித்தி. என் நாலாவது வயதில் அம்மா காமாலையில் போய்விட்டாள். வருடம் திரும்புவதற்குள் அவள் தங்கையையே அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். பிள்ளையை வேறு யார் பார்ப்பார்கள் என்பது உறவுக்காரர்களின் பேச்சு. சித்தியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு அப்போது பத்தொன்பது. இனிமேல் அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், முறுக்குக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். முறுக்கைத் தின்றுவிட்டு சித்தி என்றே கூப்பிட்டேன்.

பங்களாவைச் சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுப்பது வழக்கம். அந்தத் தடவை வந்தது சின்னக் கம்பெனி. உதவி இயக்குநர் ஒருவர் எங்கள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து கதை சொன்னார். படத்தில் பேயைக் காட்டவே மாட்டார்களாம். பேய் என்ன பார்க்கிறதோ அதுதான் படம். கேமரா வந்தால் பேய் வந்ததாக அர்த்தம். செத்துப்போன ஒருத்தி தன் பிள்ளையைத் தேடி வருகிறாள். பிள்ளை வேறொருத்தியிடம் வளர்கிறான். பேயைக் கண்டு பயந்து, 'அம்மா' என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் வளர்த்தவளைக் கட்டிக்கொள்கிறான். அதில் மனம் உடைந்த பேய் அப்புறம் ஊரையே ஆட்டிவைக்கிறது. அந்த ஒரு காட்சிக்கு எங்கள் அறையும், அறையோடு நாங்களும் வேண்டுமாம்.

கல்யாணப் போட்டோவுக்கே தலையை நிமிர்த்தாதவள் சித்தி. முடியாது என்பாள் என்று அப்பா நினைத்தார். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "பையன் ஓடியாந்து என்னிய கட்டிக்குவானா சார்?" என்றாள்.

"ஆமாம்மா."

"அம்மான்னு கூப்ட்டுகினா?"

"அதான் சீனே."

சரி என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் கல்யாணப் புடவையில் வந்து நின்றாள். "இன்னாம்மா, பேய் வர்ற ஊட்டுக்கு விருந்துக்கா வந்துகீறே? பழச கட்டிகினு வா," என்று லைட் தூக்குகிற ஆள் திருப்பி அனுப்பினார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள்.

முதலில் கேமராவுக்குப் பூஜை. சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லியைச் சுற்றி, கற்பூரம் காட்டினார்கள். எங்கள் அறையில் அப்படிப் பொட்டும் பூவுமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், அம்மாவின் போட்டோ. நான் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றேன். லைட்காரர் குனிந்தார்.

"இன்னா நைனா, பேய் எங்க கீதுன்னு தேட்றியா? தோ, இந்தப் பொட்டிதான். உங்கம்மா உள்ள குந்திகினு உன்னியே பாக்குது."

விளையாட்டுக்குச் சொன்னார். நான் கிட்டே போய்க் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஆழத்தில் கருநீலமாக என்னவோ அசைந்தது.

சித்தி வாசற்படியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கேமராவுக்கும் நடுவில் நான். பேய் பிள்ளையின் உயரத்துக்குக் குனிகிறதாம், அதனால் கேமராக்காரர் கேமராவைத் தோளில் வைத்து முழங்காலில் நகர்ந்து வந்தார். கேமரா கறகறவென்று ஓடியது. நான் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கேமராவைக் கட்டிக்கொண்டேன்.

"கட்! டேய், அந்தப் பக்கம்டா!"

சித்தி விரித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவையும் கேமராவிடம்தான் ஓடினேன். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. பிலிம் வீணாகிறது என்று டைரக்டர் கத்தினார். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சித்தி எழுந்து குறுக்கே நின்றாள்.

"அடிச்சி கூப்ட வெக்காதீங்க."

கடைசியில் டைரக்டர் கதையையே மாற்றிவிட்டார். பையன் பேயிடமே ஓடட்டும், அந்தம்மா உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். ஓடினேன். என் முதுகுக்குப் பின்னால் சித்தி என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. டைரக்டர் மட்டும் அவளிடம் போய், பயத்தை அப்படியே முகத்தில் கொண்டுவந்துவிட்டதாகப் பாராட்டினார்.

படம் பூந்தமல்லியில் ஒரு வாரம் ஓடியது. மதியக் காட்சிக்குச் சித்தி என்னைக் கூட்டிப்போனாள். திரையில் நான் கையை விரித்து எங்களை நோக்கியே ஓடிவந்தேன். என் வாயிலிருந்து வேறு எந்தப் பையனுடைய குரலோ வந்தது. எனக்குப் பின்னால், வாசற்படியில், சித்தியின் முகம். "யப்பா, இன்னா பயம் பயப்படுது பாரு மாமே," என்றான் முன்வரிசைக்காரன். எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி தூரம் நடந்திருப்போம். சித்தி நின்றாள்.

"டேய், படத்துல கூப்ட்டியே. அதே மாரி ஒரு தபா என்னிய பாத்து கூப்டேன்."

"இப்ப எதுக்கு? கேமரா இல்லியே சித்தி."

"ஆமால்ல," என்றாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். சரியான பதிலைச் சொல்லிவிட்ட திருப்தியில் நான் அவள் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினேன்.