கனிஷாய் அக்காவின் மேசையில் இரண்டாவது கோப்பை

கனிஷாய் அக்கா எங்கள் குடியிருப்பில் ரயில்வே கேட்டைத் திறந்து மூடுகிறவர். வயது ஐம்பத்து மூன்று. இசிக்குல் ஏரிக்கும் கணவாய்க்கும் நடுவே முப்பது வீடுகள், ஒரு கடை, ஒரு மருத்துவ அறை, அவ்வளவுதான் எங்கள் இடம். அந்த மருத்துவ அறையில் நான் நர்ஸ். கணவாயிலிருந்து அடிக்கும் காற்று ஜன்னலையும் கதவையும் ஆட்டிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போய்த் திறப்பார்கள். நாங்கள் எழுந்திருக்க மாட்டோம்.

அக்காவுக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை போதாமல் போய், இரண்டு வருடமாக இன்சுலின். காலையில் ஒரு ஊசி, சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஊசி. ஊசி போடுவதில் அவரை மாதிரி ஒழுங்கான ஆளை நான் பார்த்ததில்லை. ரயில் நேரத்தைப் பார்க்கிற கடிகாரத்தையே ஊசிக்கும் பார்ப்பார்.

போன வருஷம் அக்டோபரில் அவருடைய கணவர் எசென்கூல் இறந்துபோனார். தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடக்கிற வேலை அவருக்கு. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஏதோ சண்டை. அவர் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு வேலைக்குப் போனார். விடிந்தபோது கணவாய்ப் பக்கம் இருக்கிற தங்கும் அறையில் உட்கார்ந்த நிலையிலேயே உயிர் போயிருந்தது. மாரடைப்பு. அக்கா அழவில்லை. "பசியோட போயிட்டாரு" என்று மட்டும் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

எங்கள் வழக்கப்படி இறந்தவர்களுக்காக வியாழக்கிழமைகளில் எண்ணெயைக் காயவைத்து மாவைப் பொரிப்போம். அந்த மணம் போனவர்களுக்குப் போய்ச் சேரும். பொரித்ததை நாங்களும் பக்கத்து வீட்டாரும் சாப்பிடுவோம். அக்காவும் பொரித்தார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. தினமும் சாயங்காலம் மேசையில் எசென்கூல் உட்காருகிற பக்கம் ஒரு தட்டு, அவருடைய நீலக் கோப்பை, ரொட்டி, ஆப்ரிகாட் பழ ஜாம், ஒரு கிண்ணத்தில் மிட்டாய் எல்லாம் எடுத்து வைத்தார். நாற்பதாம் நாள் கழிந்தும் வைத்தார். வருஷம் முடிகிறவரை வைப்பேன் என்றார். துக்கத்தில் இருக்கிறவரை யார் தடுப்பது?

குளிர்காலம் முழுக்க அவர் என் அறைக்கு வந்தபோதெல்லாம் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"ராத்திரி தூங்கினீங்களா அக்கா?"

"படுத்தேன்."

"நான் அதைக் கேக்கல."

"நீ என்ன போலீசா? படுத்தேன், எந்திரிச்சேன். நடுவுல என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எழுந்தால் தலை கல் மாதிரி கனக்கிறது, தலையணை நனைந்து கிடக்கிறது, கை கால் எல்லாம் இரவெல்லாம் மூட்டை தூக்கினது போல வலிக்கிறது என்றார். "யாரோ நெஞ்சு மேல ஏறி உக்காந்துட்டுப் போன மாதிரி இருக்குடி." காலை நேரத்துச் சர்க்கரை பதினாலு, பதினஞ்சு என்று ஏறிக் கிடந்தது. எங்கள் கருவிக் கணக்கில் ஏழுக்குள் இருக்க வேண்டியது. நான் நகரத்து டாக்டருக்குப் போன் செய்தேன். சாயங்கால ஊசியில் இரண்டு அலகு கூட்டச் சொன்னார். கூட்டினோம். சர்க்கரை இறங்கவில்லை. மறுபடியும் இரண்டு கூட்டினோம். அக்கா இன்னும் சோர்ந்துபோனார். அந்த எண்களை நோட்டில் எழுதியது நான்தான்.

மார்ச் மாதம் ஒருநாள் அவரே கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. அவரு வர்றாரு."

"யாரு?"

"யாருன்னு கேக்குறியே! எசென்கூல்தான். ராத்திரி வந்து சாப்பிட்டுட்டுப் போறாரு. காலையில பாத்தா நீலக் கோப்பையில டீ குடிச்ச கறை இருக்கு. ஜாம்ல கரண்டி விட்ட குழி இருக்கு. மிட்டாய்த் தாள் அஞ்சாறு கிடக்கு."

எனக்கு முதுகில் சில்லென்றது. சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் வராது.

"எலியா இருக்குமோ அக்கா?"

"எலி டீ போட்டுக் குடிக்குமா? அடுப்பு மேல கெட்டில் வெதுவெதுன்னு இருக்குடி!" பிறகு அவர் முகம் மலர்ந்தது. அத்தனை மாதத்தில் முதல்முறையாக. "உயிரோட இருந்தப்ப எனக்குச் சர்க்கரைன்னு வீட்டுல மிட்டாயே கூடாதுன்னு வச்சிருந்தேன். மனுஷன் சட்டைப் பையில ஒளிச்சு ஒளிச்சுத் தின்னாரு. இப்பப் பாரு, தைரியமா மேசையில உக்காந்து திங்கிறாரு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது எனக்கு. நான் நர்ஸ், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார், அதுதான் என் கண்ணில் பட்டது.

ஜூன் முதல் வாரத்தில் அது நடந்தது. பகல் பதினொரு மணி, நல்ல வெயில். கேட் அறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே அக்கா தூங்கிப்போனார். சரக்கு ரயில் ஊதிக்கொண்டே வருகிறது, கேட் திறந்தே கிடக்கிறது. பால் வண்டி ஒன்று தண்டவாளத்தைத் தாண்டியது. அதன் பின்சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கி, மூன்று எண்ணுவதற்குள் ரயில் போனது. பால் வண்டிக்காரர் கேட் அறைக்கு ஓடிவந்தபோது அக்காவின் கண் திறந்தே இருந்ததாம். ஆனால் அவரைப் பார்க்கவில்லையாம்.

அதிகாரி வந்தார். இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார். இன்னொரு முறை கண் அசந்தால் வேலை கிடையாது. "வேலை போனாப் போகட்டும். அந்த வண்டியில பால்காரன் பொண்டாட்டியும் இருந்தா, தெரியுமா?" என்றார் அக்கா என்னிடம். அன்றிலிருந்து கேட்டில் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்.

துணைக்கு இருக்கட்டும் என்று எசென்கூலின் தங்கை ஜிபார் வந்து சேர்ந்தார். சந்தையில் கம்பளி விற்கிறவர், வாய்க்கு வாய் பேசுகிறவர். வந்த மறுநாள் காலை என் அறையைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். அவசரத்தில் சால்வையை உள்பக்கம் வெளியே தெரியப் போர்த்தியிருந்தார்.

"என் அண்ணன் வந்துட்டான்" என்றார். "எங்க அண்ணி உடம்புக்குள்ள வந்துட்டான்."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவருடைய பல் கிளாசில் இடித்தது.

"சத்தம் கேட்டு முழிச்சேன். அண்ணி மேசையில உக்காந்திருக்கா. அவ இடத்துல இல்ல, அண்ணன் இடத்துல. கண்ணு திறந்திருக்கு. வேர்வை சொட்டுது, முடியெல்லாம் நெத்தியில ஒட்டிக் கிடக்கு. நீலக் கோப்பைய விளிம்புல மூணு விரலால புடிச்சிருக்கா. எங்க அண்ணன்தான் அப்படிப் புடிப்பான். 'அண்ணி'ன்னு கூப்பிட்டேன். திரும்பல. அவன் இருமுற மாதிரி ஒரு இருமல். அப்புறம் கரகரன்னு ஒரு குரல்ல சொன்னா, 'இன்னும் கொஞ்சம் ஊத்து, கனிஷாய்'னு. தன் பேரைத் தானே சொல்லிக் கூப்பிடுறா! அப்புறம் தானே எந்திரிச்சு ஊத்துறா!"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன். வேறென்ன பண்ணச் சொல்ற? ஓதுறவரக் கூட்டிட்டு வரப்போறேன்."

வேர்வை என்ற சொல் என் காதில் நின்றது. நனைந்த தலையணை. காலையில் கனக்கிற தலை.

"ஜிபார் அக்கா, நேத்து ராத்திரி அண்ணி என்ன சாப்பிட்டாங்க?"

"எங்க சாப்பிட்டா? ஊசியப் போட்டா. தன் தட்டுல இருந்ததை எடுத்து அண்ணன் தட்டுல வச்சா. கேட்டா, 'அவரு சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடுறது'ங்கிறா. தினமும் அப்படித்தானாம்."

எட்டு மாதமாக என் நோட்டில் "இரவு: சூப், ரொட்டி" என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதியிருந்தேன்.

"ஒரு ராத்திரி பொறுங்க. ஓதுறவர நாளைக்குக் கூட்டிட்டு வரலாம். இன்னிக்கு நான் வர்றேன்" என்றேன்.

அன்று இரவு ஜிபாரோடு அடுத்த அறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மடியில் சர்க்கரை பார்க்கிற கருவி. காற்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கட்டில் கிறீச்சிட்டது. வெறுங்காலோடு நடக்கிற சத்தம். நடை அக்காவுடையது இல்லை, பாதத்தை இழுத்து இழுத்து வைக்கிற நடை. ஜிபார் என் முழங்கையை நகம் பதிய அழுத்தினார்.

நான் போய் விளக்கைப் போட்டேன். ஜிபார் சொன்னது அத்தனையும் அப்படியே. மூன்று விரல், கோப்பை, வேர்வை. அக்கா என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போலப் பார்த்தார். "கேட்ட மூடிட்டியா?" என்றது அந்தக் குரல். எனக்குத் தெரிந்த அக்காவின் குரல் அது இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவருடைய விரலைக் குத்தினேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. கருவியில் இரண்டு புள்ளி மூன்று. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து.

சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். கால் மணி நேரம். முகத்தில் மெல்ல மெல்ல ஆள் திரும்பி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். முதலில் வாய், அப்புறம் கண்.

"நீ எப்படி வந்தே?" என்றார் அக்கா. பிறகு தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். தன் கையில் இருந்த நீலக் கோப்பையைப் பார்த்தார்.

விடிந்ததும் சொன்னேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் நடு இரவில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடும், மூளைக்கு அது போதாமல் ஆள் தன்னை மறந்து நடப்பார், கிடைத்த இனிப்பைத் தின்பார், காலையில் ஒன்றும் நினைவிருக்காது, தின்ற இனிப்பால் சர்க்கரை ஏறிக் கிடக்கும், அதைப் பார்த்து நாங்கள் ஊசியைக் கூட்டினோம், அதனால் இன்னும் கீழே போனது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குரலைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நான் படித்த புத்தகத்தில் எதுவும் இல்லை.

அக்கா நீலக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்போ அவரு ஒருநாளும் வரல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரு தட்டையும் நான்தான் தின்னிருக்கேன். அவரு இன்னும் பசியோடதான் இருக்காரு."

ஜிபார்தான் பதில் சொன்னார்.

"ஏன் அண்ணி, போனவங்களுக்கு மணம்தானே போகும்? ரொட்டிய எவன் தின்னான் இதுவரைக்கும்? நம்ம அம்மா அப்பாவுக்குப் பொரிச்சதை யாரு தின்னா, நீயும் நானும்தானே தின்னோம்! நீ மட்டும் புதுசா ஒரு முறை கண்டுபிடிச்சிருக்க. எங்க அண்ணன் பேரைச் சொல்லிப் பட்டினி கிடந்து செத்தா அவன் அங்க உன்னைச் சேத்துக்க மாட்டான், திட்டித் திருப்பி அனுப்புவான்."

"அவரு திட்டினா நானும் திட்டுவேன்" என்றார் அக்கா. அப்போதுதான் அழுதார். அக்டோபரிலிருந்து அடக்கிவைத்த அழுகை, ஜிபாரும் சேர்ந்துகொண்டார், நானும்தான்.

டாக்டர் ஊசியைக் குறைத்தார். அன்று சாயங்காலம் அக்கா தன் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். ஜிபார் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணினாராம். மறுநாள் காலை ஆறரைக்கு அக்கா என் அறைக்கு வந்தார். தலையணை காய்ந்திருந்தது, சர்க்கரை எட்டு. கன்னத்தில் படுக்கை மடிப்பின் கோடு பதிந்திருந்தது.

"தூங்கினேன்" என்றார். "கோப்பை காஞ்சு கிடக்கு. ஒருத்தரும் வரல."

சோர்வு ஒரே நாளில் போகவில்லை. ஜூலை முழுக்கப் பகலில் தள்ளாடினார். நடு இரவுக்கு அலாரம் வைத்து எழுந்து விரலைக் குத்தி எண்ணை எழுதினார். ஆகஸ்டில்தான் நாற்காலியை மறுபடி உள்ளே போட்டார். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, வேலையைத் தொடரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் கடைசியில் நோட்டை என்னிடம் நீட்டியபடி அக்கா சாதாரணமாகக் கேட்டார்:

"வர்ற மாசம் வருஷ நினைவு. அன்னிக்கு ஒரே ஒரு ராத்திரி, ஊசிய மட்டும் போட்டுக்கிட்டுச் சாப்பிடாம படுத்தா... வருவாரா?"

ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். எசென்கூலை வரவைக்கிற வழி அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த நேரத்தில், எத்தனை அலகில் என்பது வரைக்கும்.

"நீங்க திரும்பி வர மாட்டீங்க அக்கா" என்றேன். அவர் நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நினைவு நாளில் ஊரே சாப்பிட்டது. குதிரைக் கறி, சூப், ரொட்டி. அக்கா எல்லாருக்கும் பரிமாறினார், துக்கத்துக்குக் கட்டிய கறுப்பு முக்காட்டை எடுத்துவிட்டு, துக்கம் முடிந்ததற்கு அடையாளமாக வெள்ளை கட்டிக்கொண்டார். பொழுது சாய்ந்ததும் விருந்தினர் போனார்கள். நான் அவர் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் விளக்கு அணைந்தது. ஓடிப்போகலாம் என்று காலில் செருப்பை மாட்டும்போது என் கதவு தட்டப்பட்டது. காற்று என்று நினைத்து நின்றேன். மறுபடி தட்டியதும் திறந்தேன்.

அக்கா நின்றிருந்தார். ஒரு கையில் இன்சுலின், இன்னொரு கையில் துணியில் முடிந்த கறியும் ரொட்டியும்.

"இன்னிக்கு என்னை நம்பாத" என்றார். "உன் முன்னாடியே போட்டுக்கிறேன். உன் முன்னாடியே சாப்பிடுறேன்."

ஊசியைப் போட்டுக்கொண்டார். அவர் என் மேசையில் உட்கார்ந்து மெதுவாக, கடைசித் துண்டு வரை சாப்பிட்டார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி வெளியே இருட்டில் எதற்கோ காது கொடுத்தார். எனக்கும் கேட்ட மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் எழுந்து போகவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு, "உனக்குத் தூக்கம் வருதா?" என்றார்.

"இல்லக்கா."

"எனக்கு வருது" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல.

என் கட்டிலை அவருக்குக் கொடுத்தேன்.